ஜெஃப் ஹான்மேன்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஸ்லேயர் என்ற அமெரிக்க மெட்டல் இசைக் குழுவின் கிதார் கலைஞர் ஜெஃப் ஹான்மேன் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கே: ஸ்லேயர் என்றாலே கெர்ரி கிங்தானே? ஹான்மேனை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

ப: 1981-ல் கலிஃபோர்னியாவில் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. இன்னொரு கிதார் கலைஞரான கிங் ஹெவி மெட்டல் ஆள், ஹான்மேனுக்குப் பங்க் என்ற முரட்டு ராக் இசைமேல் பைத்தியம். பங்கின் வெறியையும், பாட்டை வளர்த்தாமல் முடித்துவிடும் துணிச்சலையும் உள்ளே கொண்டுவந்தவர் அவர். 1986-ல் ரிக் ரூபின் தயாரித்த 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில் பத்துப் பாட்டு. மொத்தமே 29 நிமிடம்தான். அதில் 'ஏஞ்சல் ஆஃப் டெத்' இசையும் வரிகளும் அவருடையவை. தலைதெறிக்க ஓடும் பாட்டு நடுவில் சட்டென்று வேகம் குறைந்து கனமாகும், கேட்டுப் பாருங்கள். அந்த ரிஃபைத்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கைத்தான், 1988-ல் பப்ளிக் எனிமி தங்கள் ராப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கே வேகத்தைக் குறைப்பது என்று தெரிந்தவர் என்பதால்தான் கொண்டாடுகிறேன்.

கே: சிலந்தி கடித்து இறந்தாராமே?

ப: இல்லை. 2011-ல் கையில் சதையை அரிக்கும் தொற்று வந்தது. சிலந்திக்கடி காரணமாக இருக்கலாம் என்றார்கள். மேடையில் அவருக்குப் பதிலாக எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட் வாசித்தார். 2013 மே 2 அன்று உயிரைப் பறித்தது குடியால் கெட்ட கல்லீரல். வயது 49.

கே: அதே ஆல்பத்தின் 'ரெய்னிங் பிளட்' பாட்டைக் கிதாரில் பழகுகிறேன், ரெக்கார்டோடு சேரவில்லையே அண்ணா?

ப: ஆறு கம்பியின் சுருதியையும் அரை ஸ்டெப் இறக்குங்கள் தம்பி. அப்புறம் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் போட்டு, பாதி வேகத்தில். உள்ளங்கை ஓரம் பிரிட்ஜில் பட்டும் படாமலும் இருக்கட்டும். மணிக்கட்டை இறுக்கினால் கை வலிதான் மிஞ்சும்.

கே: அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் நாஜி மருத்துவர் யோசஃப் மெங்கலேவைப் பற்றி 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டு எழுதியவர் நாஜிதானே?

ப: இல்லை. அவர் அப்பா நார்மண்டியில் ஜெர்மானியருக்கு எதிராகப் போரிட்டவர். போர் வரலாறு படிப்பதில் இவருக்குத் தீராத ஆர்வம். அந்தப் பாட்டு அவுஷ்விட்ஸ் கொடுமைகளை அப்படியே அடுக்குகிறது, புகழவில்லை.

கே: கண்டிக்கவும் இல்லையே! கொலம்பியா இசை நிறுவனம் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது சும்மாவா?

ப: சும்மா இல்லை; பிறகு கெஃபன் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மெங்கலே கெட்டவன் என்பது தெரிந்ததுதானே, அதைப் பாட்டில் வேறு சொல்லவேண்டுமா என்பது ஹான்மேன் வாதம். அதை ஏற்கிறேன். ஆனால் ரசிகர் மன்றப் பெயரில் 'வேர்மாக்ட்' என்று நாஜி ராணுவத்தின் பெயரைச் சேர்த்தார்களே, அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. அந்தக் கொடுமையில் சொந்தங்களை இழந்தவர்களுக்கு அது வலிக்கும். அவர்கள் கோபம் நியாயமானது.

கே: அப்படியானால் கேட்கக் கூடாதா?

ப: கேளுங்கள். யாரைப் பற்றிய பாட்டு என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கே: சிலந்தி எந்த வகை?

ப: கல்லீரல். மேலே பாருங்கள்.

கே: அந்த வேகம் எத்தனை நாளில் வரும்?

ப: மெட்ரோனோம்!

கே: மெட்டாலிகா பெரிதா, ஸ்லேயர் பெரிதா?

ப: வேறு யாரையாவது கேளுங்கள்.

கே: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

ப: 1990-ல் வந்த 'சீசன்ஸ் இன் தி அபிஸ்'. வேகமும் நிதானமும் அதில் சரிபாதி.