சேற்றைப் படிக்கும் படிப்பு: கடலோரக் காலநிலைப் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

அலையாத்திக் காடுகளிலும் கடற்புல் படுகைகளிலும் கார்பன் அளப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நீலக் கார்பன் என்பதும் கார்பனைப் பூமிக்குள் செலுத்திச் சேமிப்பதும் ஒன்றுதானா? எதைப் படிப்பது என்று குழப்பமாக இருக்கிறது. (கல்லூரி மாணவர்)

இரண்டும் வேறு வேறு தொழில், தம்பி. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் கார்பன் டை ஆக்ஸைடைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தி வந்தார்கள். அதற்குப் புவியியலும் எண்ணெய்க் கிணற்றுப் பொறியியலும் வேண்டும். நீலக் கார்பன் என்பது அலையாத்தி, கடற்புல், உவர்ச்சதுப்பு ஆகியவை தாமாகவே சேற்றில் சேர்த்து வைக்கும் கார்பன். அந்தப் பெயர் 2009-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. தாவரம், மண், நீரோட்டம் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள்.

கார்பனை எப்படி அளக்கிறீர்கள்? மரத்தின் சுற்றளவை எடுத்தால் போதாதா? (வனத்துறைப் பணியாளர்)

போதாது. அலையாத்தியில் கார்பனின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, காலுக்குக் கீழே சேற்றில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஈரச் சேற்றில் வேரும் இலையும் மெதுவாகத்தான் மட்கும். அதனால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது அப்படியே கிடக்கிறது.

குழாயை இறக்கிச் சேற்றுத் தூண் ஒன்றை எடுப்போம். வழக்கமாக ஒரு மீட்டர் ஆழம். அதைத் துண்டுகளாக வெட்டி, 60 டிகிரியில் எடை குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி, முதலில் இருந்த கன அளவால் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அப்புறம் ஆய்வகத்தில் கார்பன் சதவீதம் பார்க்க வேண்டும். கிளிஞ்சல் தூள் கலந்திருந்தால் அமிலம் விட்டு அதை முதலில் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பில் உள்ள கார்பனும் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராம், கார்பன் 3 சதவீதம் என்று வையுங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 240 டன் கார்பன் வரும். அதை 44/12-ஆல் (கார்பன் டை ஆக்ஸைடின் எடைக்கும் அதிலுள்ள கார்பனின் எடைக்கும் உள்ள விகிதம்) பெருக்கினால் 880 டன் கார்பன் டை ஆக்ஸைடு. இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு இரண்டு அலகுகளையும் கலந்து எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, குழாயை அழுத்தும்போது சேறு நசுங்கும். வெளியே ஒரு மீட்டர் இறங்கியிருக்கும், உள்ளே 85 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை அங்கேயே, குழாயை வெளியே எடுப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். என் முதல் களப்பணியில் அதைக் குறிக்காமல் விட்டேன். ஒரு வாரம் எடுத்த மாதிரிகள் எல்லாம் வீணாயின. அதனால்தான் இதை என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அமைப்பு ஒரே வருடத்தில் ஒரு லட்சம் அலையாத்திக் கன்றுகள் நட முடிவு செய்திருக்கிறது. அதற்கு என்ன பயிற்சி தேவை? (தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர்)

கன்று எண்ணிக்கையை முதலில் தூரப் போடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஏராளமாக நட்டார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தபோது ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டவர்கள் அக்கறையோடுதான் நட்டார்கள். தவறான உயரத்தில் நட்டதும், தவறான இனத்தை நட்டதும், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததும் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டன.

அலையாத்திக்கு மூச்சு விட நேரம் வேண்டும். சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் பகுதியின் மேல்பாதியில்தான் அது வளரும். திறந்த சேற்றுத்திட்டு யாருக்கும் சொந்தமில்லாமல், நடுவதற்கு எளிதாகக் கிடக்கும். ஆனால் அது பெரும்பாலும் தாழ்வான இடம், கன்று மூழ்கிச் செத்துவிடும். கடற்புல் படுகையின் மேல் நடுவது இன்னும் மோசம். இருந்த கார்பன் கிடங்கையும் அது கெடுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மரம் ஏன் அங்கே இல்லை என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கைவிட்ட இறால் பண்ணையின் கரை ஓதத்தை அடைத்து நிற்கும். கரையை உடைத்துப் பழைய ஓடையைத் திறந்துவிட்டால், பக்கத்தில் தாய்மரங்கள் இருக்கும் இடத்தில் விதைகள் தண்ணீரோடு தாமாகவே வந்து ஊன்றும். ஆகவே உங்கள் குழுவுக்கு வேண்டிய பயிற்சி, நிலத்தின் உயரத்தை மட்டம் பார்ப்பதும் ஓதம் படிப்பதும்தான். நிலத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதும் அதில் சேரும்.

நான் கடல் சுவர் கட்டும் சிவில் இன்ஜினியர். மரங்களால் நிஜமாகவே அலையைத் தடுக்க முடியுமா?

காற்றால் எழும் அலையின் உயரத்தை 100 மீட்டர் அகல அலையாத்தி 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும். புயல் வெள்ளம் என்றால் கதை வேறு. ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் நீர்மட்டம் குறையும். குறுகிய பட்டையை வைத்துக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவருக்கு முன்னால் காடு இருந்தால் சுவரின் மேல் விழும் அடி குறையும். அப்படி இரண்டையும் சேர்த்து வடிவமைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

சதுப்பு நிலம் மீத்தேன் விடும் என்கிறார்களே?

விடும், நீரின் உப்பைப் பொறுத்து. உப்பு நீரில் சல்பேட் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகிறவற்றை முந்திக்கொள்ளும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2013 ஈரநில வழிகாட்டி, மீட்டெடுத்த நிலத்தில் ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் உப்பு இருந்தால் மீத்தேனைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. நன்னீர் கலக்கும் கழிமுகத்தில் கட்டாயம் அளக்க வேண்டும். மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

கடல்மட்டம் உயர்ந்தால் காடே மூழ்கிவிடாதா? அப்புறம் கார்பன் என்ன ஆகும்?

நியாயமான கவலை. வண்டலையும் வேரையும் சேர்த்துக் காடு தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது. ஆண்டுக்கு 6 மி.மீ.யைத் தாண்டினால் அலையாத்தி ஈடுகொடுப்பது கடினம் என்பதைப் பழைய படிவுகள் காட்டுகின்றன. பின்வாங்க நிலம் இருந்தால் காடு உள்ளே நகரும். பின்னால் சாலையோ சுவரோ இருந்தால் நடுவில் நசுங்கிவிடும். கார்பன் திட்டம் போடுகிறவர்கள் காட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்று நிலத்தையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நான் டைவர். கடற்புல் பக்கம் வேலை இருக்குமா?

இருக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோரத்தில் 1930-களில் நோயாலும் புயலாலும் கடற்புல் அழிந்துபோனது. சுமார் இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவி 3,600 ஹெக்டேர் அளவுக்கு மீட்டார்கள். விதை சேகரிக்கவும் தூவவும் கண்காணிக்கவும் நீருக்குள் இறங்கும் ஆட்கள் வேண்டும்.

எனக்கு அறிவியல் பட்டம் இல்லை. மீனவக் குடும்பம். கார்பன் கிரெடிட் திட்டத்தில் எனக்கு இடம் உண்டா?

நிச்சயம் உண்டு. காடு பிடித்து வைக்கும் கார்பனை அளந்து, அதற்கான சான்றை விற்பதுதான் கார்பன் கிரெடிட். கென்யாவின் காஸி (Gazi) விரிகுடாவில் மிகோகோ பமோஜா (Mikoko Pamoja) என்று ஒரு திட்டம் 2013 முதல் நடக்கிறது. 117 ஹெக்டேர் காட்டை ஊர் மக்களே பார்த்துக்கொள்கிறார்கள். கார்பன் விற்ற பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் மாணவர்களுக்கு அது புரிய மாதங்கள் ஆகின்றன. அளவெடுப்பதைச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒப்பந்தத்தைப் படிக்கவும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை வருடம், யாருக்கு எவ்வளவு பங்கு, காடு அழிந்தால் யார் பொறுப்பு என்பது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நல்ல பயிற்சி வகுப்பை எப்படி அடையாளம் காண்பது?

களநாள் எத்தனை என்று கேளுங்கள். எல்லாமே திரையில்தான் என்றால் வேறு இடம் பாருங்கள். மாதிரி எடுப்பதில் தொடங்கி, பிழை வரம்போடு ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கும் வரை நீங்களே செய்ய வேண்டும். வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளே போதும். தோற்றுப்போன ஒரு மீட்புத் தளத்துக்கு அழைத்துப் போகிறார்களா என்றும் கேளுங்கள். அப்படி அழைத்துப் போகும் ஆசிரியரை நான் நம்புவேன்.

முதல் களநாளுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

அளவுநாடா, நீர்புகாத நோட்டு, பென்சில். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலணி போடுங்கள், தளர்வான பூட்ஸைச் சேறு உருவிக்கொள்ளும். முந்தின இரவே ஓத அட்டவணையைப் பாருங்கள். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது இடத்தில் இருக்க வேண்டும், மறுபடி ஏறுவதற்குள் மாதிரிகளோடு கரைக்கு வந்துவிட வேண்டும்.