விதையில் கட்டி: வலிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றி. ‘அந்த இடம்’, ‘கீழே’, ‘முக்கியமான பகுதி’ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் விதை, விதைப்பை என்றே எழுதிவிடுகிறேன், வேலை சுலபம்.

கேள்வி: வயது 26, மேலூர். வலது விதையில் கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருக்கிறது. மூன்று மாதமாகிறது, வலியே இல்லை. எங்கே என்று சொல்லாமல் ‘கட்டி’ என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஸ்கேன் அதற்கு முன்னாலேயே எடுத்தாக வேண்டும். வலியில்லை என்பது உங்களுக்கு ஆறுதல். எனக்கு அதுதான் கவலை. விதையின் சதையோடு சதையாக, வலிக்காமல், கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால், இல்லை என்று தெரியும்வரை அதைப் புற்றுநோயாகவே நினைத்துப் பரிசோதிப்போம். பெரும்பாலான புற்றுநோய்கள் வயதானவர்களைத் தேடி வரும். இது 15 முதல் 40 வயதுக்காரர்களிடம்தான் அதிகம்.

இடிந்துபோகவும் வேண்டாம். இது அரிதான நோய். வந்தாலும் விதையோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் கண்டுபிடித்தபோது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அப்புறமும் பிழைத்து சைக்கிள் ஓட்டினார். (ஊக்கமருந்து விவகாரம் தனிக் கதை.)

முதலில் விதைப்பை ஸ்கேன். கூடவே ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்று கட்டியின் தடயம் தேடும் மூன்று பரிசோதனை. நடுவில் உள்ளது, கர்ப்பம் பார்க்கும் அட்டையில் கோடு விழவைக்கும் அதே ஹார்மோன். சில வகைக் கட்டிகள் அதைச் சுரக்கும்.

புற்றுநோய் என்று சந்தேகம் வலுத்தால், தொடை இடுக்குக்கு மேலே, அடிவயிற்றோரம் கிழித்து அந்த விதையை எடுத்துவிடுவோம். “விதைப்பையிலேயே ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கருவில் விதை உருவாவது சிறுநீரகத்தின் அருகில். அங்கிருந்து தன் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்களையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அதனால் விதையின் நிணநீர் வயிற்றின் பின்பக்கம் போகும். விதைப்பைத் தோலின் நிணநீர் தொடை இடுக்குக்குப் போகும். தோல் வழியாகக் குத்தினால் நோய்க்கு நாமே இன்னொரு பாதை திறந்துவிட்டதாக ஆகும்.

மீதியுள்ள ஒரு விதை நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் அதுவே பெரும்பாலும் போதும். கீமோ தேவைப்படலாம் என்றால் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். இதை வெட்கப்படாமல் நீங்களே கேளுங்கள். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான) பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் மாதம் ஒருநாள் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் ஆறு மாதம் லேகியம் தின்றுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

கேள்வி: நாமே தடவிப் பார்ப்பது எப்படி? எனக்குப் பின்பக்கம் ஏதோ நெளிகிறது.

பதில்: வெந்நீரில் குளித்த கையோடு, பை தளர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு விதையாக, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெல்ல உருட்டுங்கள். ஓடு உரித்த அவித்த முட்டை போல வழவழப்பாக இருக்க வேண்டும். பின்பக்கம் மேலிருந்து கீழாக மெத்தென்று ஒரு கயிறு தட்டுப்படும். அது விந்தணு முதிரும் குழாய், எல்லோருக்கும் உண்டு. ‘கட்டி’ என்று பயந்து வருகிறவர்களில் நிறையப் பேர் இதைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்று சற்றுக் கீழே தொங்குவதும் இயல்பு.

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா. 14 வயது மகன் நடுராத்திரி அடிவயிறு வலி என்று துடித்தான், வாந்தியும் எடுத்தான். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். விடிகாலையில் சரியாகிவிட்டது. பிறகுதான் ‘கீழேயும் வலித்தது’ என்கிறான்.

பதில்: அம்மா, அவனை நாளைக்கே காட்டுங்கள். விதை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, தானாகவே பிரிந்திருக்கலாம். மறுபடி முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் விதை பெரும்பாலும் தப்பிக்கும், ஒரு நாள் ஆகிவிட்டால் அநேகமாகப் போச்சு. பையன்கள் வெட்கப்பட்டு ‘வயிறு’ என்று மட்டும் சொல்வார்கள். விதையின் நரம்பு மேலேயிருந்து வருவதால் வயிறு நிஜமாகவே வலிக்கவும் செய்யும். அடுத்த முறை திடீரென்று வந்தால் ஓமத்தண்ணீர் வேண்டாம், விடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஆபரேஷனில் இரண்டு பக்கத்தையும் தைத்து நிறுத்திவிடுவோம்.

கேள்வி: சோழவந்தான், 58 வயது, விவசாயம். பத்து வருஷமாக ஓதம் (விதைப்பையில் நீர் கோத்து வீங்குவது). தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஒருமுறை ஊசியால் நீர் எடுத்தார்கள், மறுபடி நிறைந்துவிட்டது.

பதில்: நிறையத்தான் செய்யும் ஐயா. நீர் சுரக்கும் உறை உள்ளேயே இருக்கிறதே. அடிக்கடி குத்தினால் சீழ் பிடிக்கலாம். இருட்டில் செல்போன் டார்ச்சை அண்டக் கொடுத்தால் செம்பருத்திப் பூ நிறத்தில் ஒளி ஊடுருவும். உள்ளே நீர் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனாலும் ஸ்கேன் வேண்டும், பின்னால் மறைந்திருக்கும் விதையைப் பார்க்க. இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகிறதென்றால் அது குடலிறக்கம், வேறு ஆபரேஷன். யானைக்கால் நோய்க் கொசுவாலும் ஓதம் வரும் என்பதால் ரத்தமும் பார்ப்பார்கள். நடவு முடிந்ததும் வாருங்கள், சின்ன ஆபரேஷன்தான்.

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. இடது பக்கம் புழுக்கள் சுருண்டது போல.

பதில்: நரம்புச் சுருட்டல், அதாவது விதைக்கு மேலுள்ள ரத்தநாளங்கள் வீங்கிச் சுருண்டிருப்பது. நிற்கும்போது தெரியும், படுத்தால் அடங்கும். இடது ரத்தநாளம் மேலே ஏறி சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு இருக்கும், பலருக்கு ஒன்றும் செய்யாது. விந்துப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள், மனைவியும் பரிசோதித்துக்கொள்ளட்டும். வலப் பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ, படுத்தும் அடங்காவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்வோம்.

கேள்வி: கபடியில் முட்டி பட்டது, அதற்கப்புறம்தான் கட்டி.

பதில்: அடியால் புற்றுநோய் வராது. அடிபட்டதால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், ஏற்கெனவே இருந்தது அப்போது தெரிந்திருக்கலாம். இல்லை, வெறும் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: குழந்தைக்கு ஒன்பது மாதம், ஒரு பக்கம் விதை இறங்கவில்லை. ‘நடக்க ஆரம்பித்தால் இறங்கும்’ என்கிறார் மாமியார்.

பதில்: ஆறு மாதத்துக்குள் இறங்காதது இனி தானாக இறங்குவது அபூர்வம். ஒன்றரை வயதுக்குள் இறக்கி வைப்பது நல்லது. பின்னாளில் புற்றுநோய் வாய்ப்பு குறையும், முழுதாகப் போகாது. அதனால் பையன் வளர்ந்ததும், மேலே சொன்ன அவித்த முட்டைப் பாடத்தை அவன் அப்பா சொல்லிக்கொடுக்கட்டும்.

கேள்வி: ஸ்கேன் எடுப்பது பெண்ணாக இருந்தால் என்ன செய்வது?

பதில்: துண்டால் மூடித்தான் எடுப்பார்கள், பதினைந்து நிமிஷ வேலை. அவர்கள் பார்ப்பது திரையை. ஜெல்தான் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும்.