பீரோவில் கிடக்கும் பழையபேட்டை

கேள்வி: எழுபதுகளில் அப்பா எடுத்த பழையபேட்டைத் தெருப் படங்கள், கறுப்பு வெள்ளையில் நாற்பது பிரிண்ட், நெகட்டிவோடு பீரோவில் இருக்கின்றன. பெங்களூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பிரிண்ட் உங்கள் இஷ்டம், நெகட்டிவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் படத்தைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார்கள். அப்பாவே அந்தக் காலத்தில் இருட்டறையில் போட்ட பிரிண்டா, பின்னால் பென்சிலில் கையெழுத்தோ தேதியோ இருக்கிறதா என்பதை வைத்துத்தான் விலை ஏறும், இறங்கும். நெகட்டிவிலிருந்து புதிதாகப் பிரிண்ட் போட்டு விற்பதானால் பத்துதான் என்று முடிவு செய்து 3/10 (பத்தில் மூன்றாவது) என்கிற மாதிரி எண் போடுங்கள், பதினொன்றாவது போட்டால் வாங்கிய பத்துப் பேரும் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தானே.

தெருப் படங்களுக்கு மதிப்பு பின்னால் வருவதும் உண்டு. பாரிஸின் பழைய தெருக்களை எடுத்த புகைப்படக்காரர் அட்ஜே, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஆவணமாகத்தான் படங்களை விற்றார். 1927இல் இறந்தார்; 1968இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது.

அப்புறம், ஓரம் மஞ்சளாகியிருந்தால் அது பெரும்பாலும் பிரிண்ட் போடும்போது படம் நிலைப்பதற்காகப் பயன்படுத்தும் ஹைப்போ மருந்தைச் சரியாகக் கழுவாததால் வந்தது. அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் கடைக்கு மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்!