பல்லோடா, பல் இல்லாமலா? வால்டர் பிரென்னன் கேள்வி பதில்

ஹாலிவுட்டின் குணச்சித்திர நடிகர் வால்டர் பிரென்னன் (1894–1974) பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். 'தி வெஸ்டர்னர்' படத்தின் முடிவு ஒரு பதிலில் வருகிறது. பார்க்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: 'ரியோ பிராவோ' பார்த்தேன். சிறைக்குக் காவல் இருக்கும் நொண்டிக் கிழவர் ஸ்டம்பியாக வருபவர் மூன்று ஆஸ்கர் வாங்கியவர் என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். 1936இல் 'கம் அண்ட் கெட் இட்', 1938இல் 'கென்டக்கி', 1940இல் 'தி வெஸ்டர்னர்'. ஐந்தே ஆண்டுகளில் மூன்று. துணை நடிகருக்கென்று தனிப் பரிசு 1936ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதை முதலில் வாங்கியவரும் இவரே. அந்தப் பிரிவில் மூன்று முறை வென்றவர் வேறு யாரும் இல்லை. 1941இல் 'சார்ஜன்ட் யார்க்' படத்தின் பாதிரியார் வேடத்துக்கு நான்காவது முறையாகப் பரிந்துரைக்கப்பட்டார். அந்த வருடம் பரிசு டொனால்ட் கிரிஸ்ப்புக்குப் போனது.

பலருக்குத் தெரியாத ஒன்று: மூன்று முறையும் அவருக்குக் கிடைத்தது முழுச் சிலை அல்ல, பட்டயம்தான். துணைப் பிரிவுகளுக்கும் முழுச் சிலை தரும் வழக்கம் 1943ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது.

கேள்வி: கூட்டக் காட்சிகளில் நிற்கும் எக்ஸ்ட்ராக்களின் ஓட்டில்தான் ஜெயித்தார் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அவருடைய விருதுகளுக்கு என்ன மதிப்பு?

1930களின் பிற்பகுதியில் எக்ஸ்ட்ராக்களுக்கு ஆஸ்கரில் வாக்குரிமை இருந்தது, அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இரண்டுமே உண்மை. பிரென்னனும் அவர்களில் ஒருவராக இருந்து மேலே வந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பி, லாஸ் ஏஞ்சலஸில் நிலம் வாங்கி விற்றுச் சம்பாதித்தார். அந்தப் பணம் கரைந்த பிறகுதான் 1920களின் நடுவில் கூட்டத்தில் ஒருவராக நிற்கப் போனார். பத்து வருடம் பெரும்பாலும் பெயர் போடாத வேடங்கள். கூட நின்றவர்களுக்கு அவர்மேல் பாசம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 'கென்டக்கி'யில் குதிரைப் பந்தயப் பித்துப் பிடித்த முதியவர், உரக்கக் கத்துகிற வேடம். அந்த வருடம் 'ஃபோர் டாட்டர்ஸ்' படத்துக்காகப் போட்டியில் இருந்த ஜான் கார்ஃபீல்டுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 'தி வெஸ்டர்னர்' விருதைக் குறை சொல்ல வழியே இல்லை.

கேள்வி: அண்ணா, அந்தப் பல் விஷயம் என்ன?

1932 வாக்கில் ஒரு விபத்தில் பற்களை இழந்தார். அதன்பின் பல்செட். மற்ற நடிகர்கள் மறைத்து வைத்திருக்கும் குறையை இவர் தொழிற்கருவி ஆக்கிக்கொண்டார். 'பார்பரி கோஸ்ட்' (1935) படத்துக்காகப் பார்க்க வந்தவரிடம் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் வசனத்தைக் கொடுத்துப் பேசச் சொல்ல, "பல்லோடா, பல் இல்லாமலா?" என்று இவர் கேட்டாராம். ஹாக்ஸ் பிற்காலப் பேட்டிகளில் சொன்ன கதை இது.

திரையில் கவனித்துப் பாருங்கள். பல்செட்டைக் கழற்றினால் கன்னம் உள்ளே போகும், மூக்கும் முகவாயும் நெருங்கும், 'ஸ' ஒலி காற்றோடு வரும், வயதில் இருபது கூடிவிடும். 'கென்டக்கி' வெளியானபோது அவருக்கு 44 வயதுதான். 'ரெட் ரிவர்' (1948) படத்தில் இதையே கதையில் சேர்த்துவிட்டார்கள். சமையல்காரர் க்ரூட் சீட்டாட்டத்தில் தன் பல்செட்டைத் தோற்றுவிடுகிறார். ஜெயித்த செவ்விந்தியர் குவோ அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் தருகிறார்.

கேள்வி: அந்தக் கீச்சுக் குரல் இயற்கையா, நடிப்பா?

போரில் விஷவாயு குரலைக் கெடுத்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும், குரல் முழுக்க அவர் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. 'மை டார்லிங் கிளமென்டைன்' பாருங்கள், கீச்சு என்பதே இருக்காது.

கேள்வி: ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

வில்லியம் வைலர் இயக்கிய 'தி வெஸ்டர்னர்'. டெக்சஸில் சாராயக் கடையையே நீதிமன்றமாக வைத்து நடத்திய ராய் பீன் என்ற நிஜ மனிதரின் வேடம். கதாநாயகன் கேரி கூப்பர். தன்னைவிட நீதிபதிக்குத்தான் படத்தில் இடம் அதிகம் என்று கூப்பர் தயங்கினார், ஒப்பந்தம் விடவில்லை. அவர் பயந்தது சரிதான்.

பீன் குதிரைத் திருடர்களைத் தூக்கில் போடத் தயங்காதவர். அதே ஆள் லில்லி லாங்ட்ரி என்ற நடிகையின் படங்களைச் சுவரெல்லாம் மாட்டிக் கும்பிடாத குறையாக வைத்திருக்கிறார். அவளுடைய கூந்தல் கற்றை தன்னிடம் இருப்பதாகக் கூப்பர் புளுகும்போது பிரென்னன் முகத்தைப் பாருங்கள். கண் இமைக்காது, வாய் லேசாகத் திறக்கும், குரல் பாதியாக இறங்கும். கொலைக்கு அஞ்சாதவன் ஒரு நொடியில் பள்ளிப் பையனாகிவிடுவான்.

கடைசியில் லில்லியின் நிகழ்ச்சிக்கு அரங்கின் எல்லா டிக்கெட்டையும் தானே வாங்கி, உள்நாட்டுப் போர்க்காலச் சீருடை அணிந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்காருகிறார். திரை விலகுகிறது. மேடையில் நிற்பது கூப்பர். துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டவரைக் கூப்பரே தாங்கிக்கொண்டு லில்லியிடம் கூட்டிப்போகிறார். அவளைப் பார்த்துக்கொண்டே உயிர் பிரிகிறது. இவ்வளவு கொடுமை செய்த ஒருவருக்காக நாம் ஏன் வருந்துகிறோம் என்பதற்கு விடை அந்த முகம்தான். (நிஜ ராய் பீன் 1903இல் நோயில் இறந்தார். லாங்ட்ரி பீன் வாழ்ந்த ஊருக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.)

கேள்வி: 'ரெட் ரிவர்' இரண்டு விதமாகக் கிடைக்கிறது. எதைப் பார்ப்பது?

133 நிமிடப் பதிப்பில் கதையின் இடைவெளிகளை ஒரு கையெழுத்துப் புத்தகத்தின் பக்கங்கள் நிரப்பும். 127 நிமிடப் பதிப்பில் அந்தப் பக்கங்களுக்குப் பதில் பிரென்னனின் குரல் வரும். முதலில் பார்ப்பவர்கள் குரல் உள்ளதைப் பாருங்கள். படிக்க நிறுத்த வேண்டியதில்லை என்பது மட்டுமல்ல, ஜான் வேய்ன் ஏற்ற கதாநாயகனின் கொடுமையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் சொல்லக் கேட்கிறோம். உச்சக்கட்டம் இரண்டிலும் கொஞ்சம் வேறுபடும், ஆகவே பிரியப்பட்டால் மற்றதையும் பாருங்கள்.

கேள்வி: எல்லாப் படத்திலும் அதே நல்ல கிழவர்தானே? வில்லனாக நடித்திருக்கிறாரா?

ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946). மாட்டுத் திருட்டுக் குடும்பத்தின் தலைவரான மூத்த கிளான்டன் வேடம். சலூனில் மகன்கள் ஊர்க் காவல் அதிகாரி வயட் ஏர்ப்பிடம் அவமானப்படுகிறார்கள். தந்தை சிரித்துப் பேசி அவரை வழியனுப்பிவிட்டு, மகன்கள் பக்கம் திரும்பிச் சாட்டையால் விளாசுகிறார். துப்பாக்கியை உருவினால் ஆளைக் கொல்ல வேண்டும் என்பதுதான் அவர் சொல்லித்தரும் பாடம். வழக்கமான சேட்டை ஒன்றுகூட இல்லை. மூன்று விருதுப் படங்களில் இரண்டைவிட இது மேல். இதற்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. ஃபோர்டிடம் அவர் மறுபடி நடிக்கவும் இல்லை.

கிழவர் அல்லாத வேடங்களும் உண்டு. 'தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்' (1942) படத்தில் விளையாட்டுச் செய்தியாளர். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'ஹேங்மென் ஆல்சோ டை' (1943) படத்தில் நாஜிகளிடம் சிக்கிய செக் பேராசிரியர், நிதானமான பேச்சு, நிமிர்ந்த முதுகு.

கேள்வி: நடிப்பு கற்பவர்கள் இவரிடம் எதைப் பார்க்க வேண்டும்?

எதிராளிக்கு இடம் கொடுப்பதை. 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' (1944) படத்தில் குடிகார எடி, செத்த தேனீ கொட்டியதுண்டா என்று எதிர்ப்படுவோரிடமெல்லாம் கேட்பார். லாரன் பகால் மட்டும் அந்தக் கேள்வியைத் திருப்பி அவரிடமே கேட்கிறார். அந்த இடத்தில் பிரென்னன் எதையும் கூட்டிச் செய்வதில்லை. முகம் மலர்கிறது, அவ்வளவுதான். முதல் படத்தில் நடிக்கும் பெண்ணுக்கு அந்தக் காட்சியை விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

கேள்வி: டிவியில்?

'தி ரியல் மெக்காய்ஸ்' என்ற தொடர், 1957 முதல் 1963 வரை, 224 பகுதிகள். அமெரிக்க வீடுகளுக்கு அவர் தாத்தா ஆனது இதில்தான். அந்தப் புகழோடு 1962இல் 'ஓல்ட் ரிவர்ஸ்' என்ற இசைத்தட்டு, பாடாமல் பேசியே, அமெரிக்க இசைத் தரவரிசையான பில்போர்டில் 5ஆம் இடம் வரை போனது.

கேள்வி: அவருடைய அரசியல் பற்றி மோசமாகக் கேள்விப்பட்டேன்.

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். தீவிர வலதுசாரி. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைக் கம்யூனிஸ்ட் சதி என்று எண்ணி எதிர்த்தார். 1972 அதிபர் தேர்தலில் நிக்சனைக்கூட விட்டுவிட்டு அவரைவிடத் தீவிர வலதுசாரியான ஜான் ஷ்மிட்ஸை ஆதரித்தார். இதை மூடிமறைத்து அவரை அன்பான தாத்தாவாக மட்டும் எழுதுவது தவறு. படங்களின் தரம் வேறு, மனிதரின் கருத்து வேறு, இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பெயர் போடாத காலத்துப் படங்களில் அவரை எங்கே தேடலாம்?

'தி இன்விசிபிள் மேன்' (1933) படத்தில் சைக்கிளைப் பறிகொடுப்பவர். 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) படத்தில் அக்கம்பக்கத்து ஆள். இரண்டும் கண் சிமிட்டினால் போய்விடும். கொஞ்சம் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் 1932இல் வந்த, கௌபாய் நடிகர் டிம் மெக்காயின் படங்களான 'டெக்சஸ் சைக்ளோன்', 'டூ ஃபிஸ்டட் லா'. இரண்டிலும் இளம் ஜான் வேய்னும் சின்ன வேடத்தில் இருக்கிறார்.