வாசகர் கேள்வி பதில்: செல்போன் கம்பெனிப் பங்கு வாங்கலாமா?

சேலம் அம்மாபேட்டை வாசகி: தறிக் கூலியில் மிச்சம் பிடித்த 20,000 ரூபாய் கையில் இருக்கிறது. ஏர்டெல் வாங்கினால் பத்துப் பங்குதான் வரும், வோடபோன் ஐடியா என்றால் 2,000 பங்குக்குக் குறையாது என்கிறான் தம்பி. எது லாபம்?

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அம்மா. பங்கு விலையோடு மொத்தம் எத்தனை பங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வோடபோன் ஐடியாவில் 2019 உரிமைப் பங்கு வெளியீடு (பழைய பங்குதாரர்களுக்கே முதலில் புதுப் பங்கு தருவது) முடிந்தபோது ஏறக்குறைய 2,873 கோடிப் பங்குகள் இருந்தன. 2023-இல் அரசுக்குக் கட்டவேண்டிய வட்டிப் பாக்கி 16,133 கோடி ரூபாயைப் பங்காக மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் பங்கு 11 ரூபாய் வீதம் 18,000 கோடி ரூபாய்க்குப் புதுப் பங்கு விற்றார்கள். 2025-இல் இன்னும் 36,950 கோடி ரூபாய் பாக்கி, பங்கு 10 ரூபாய் கணக்கில் அரசின் பெயருக்குப் போனது. இப்போது பங்குகள் 10,800 கோடிக்கு மேல்.

2019-இல் 1,000 பங்கு வாங்கி, ஒன்றைக்கூட விற்காமல் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இன்றும் 1,000 பங்குதான். ஆனால் கம்பெனியில் அவருக்கு இருந்த பாத்தியதை கால்வாசி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இனி விலை ஒரு ரூபாய் ஏறவேண்டும் என்றாலே கம்பெனியின் சந்தை மதிப்பு 10,800 கோடி ரூபாய் கூடவேண்டும். பாக்கி தீராதவரை இன்னும் புதுப் பங்கு வரலாம். அதனால் முதல்முறை வாங்குகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

20,000 முழுவதையும் பங்கில் போடவும் வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவுக்கு வங்கியில் பணம் இருக்கிறதா? இருந்தால் இதில் ஐயாயிரத்தை மட்டும் எடுத்து, மூன்று நான்கு மாதமாகப் பிரித்து வாங்குங்கள். ஒரு பங்கின் விலை அந்த மாதத் தொகையைவிடக் கூடுதலா? ஐயாயிரத்துக்குள் எத்தனை வருமோ அத்தனையை ஒவ்வொன்றாக வாங்கினால் போதும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போய், நம்பர் மாற்ற ஊரே அலைந்தது நினைவிருக்கும். ஒரு காலத்தில் பத்துக்கு மேல் கம்பெனிகள் இருந்த தொழிலில் இன்று மிஞ்சியவை நான்கு.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை உரிமையாளர்: காலாண்டு முடிவு வந்தால் எதைப் பார்க்கவேண்டும்? வருமானம் ஆயிரக்கணக்கான கோடி என்று போடுகிறார்கள், தலை சுற்றுகிறது.

பட்டறைக்குள் வந்த வெள்ளியின் எடையா உங்கள் வருமானம்? கூலியில் ஆள் சம்பளம் போக மிஞ்சுவதுதானே? இங்கும் அதே கணக்குதான்.

முதலில் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருமானம். ஆர்ப்பு என்பார்கள். 2024 டிசம்பர் காலாண்டில் ஏர்டெல்லுக்கு இது 245 ரூபாய், ஜியோவுக்கு 203 ரூபாய் சொச்சம். 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணம் ஏறியது அடுத்த காலாண்டுகளில் இப்படித்தான் தெரிந்தது. கட்டணம் ஏறியதும் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதையும் கூடவே பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் 'செயலில் உள்ள' சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். பையில் தூங்கும் இரண்டாவது சிம்மை நம்பவேண்டாம்.

அடுத்து எபிட்டா. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் இது. இந்தத் தொழிலில் 100 ரூபாய் வருமானத்துக்கு 50 ரூபாய்கூட எபிட்டா காட்டுவார்கள். ஆனால் 20 ஆண்டு உரிமைக்கு வாங்கிய அலைக்கற்றையின் விலையை ஆண்டுதோறும் செலவில் கழிக்கவேண்டும். 2022 5ஜி ஏலத்தில் ஜியோ 88,078 கோடிக்கும் ஏர்டெல் 43,084 கோடிக்கும் எடுத்தன. அந்தத் தொகையை 20 ஆண்டுத் தவணையாகக் கட்டவும் வழி கொடுத்தார்கள். டவர் கருவிகளின் தேய்மானம், கடன் வட்டி எல்லாம் இதற்கு மேல். எனவே எபிட்டாவோடு நிற்காமல் நிகர லாபம்வரை படியுங்கள். நிகரக் கடன் (கையிருப்புப் பணம் போக மிஞ்சும் கடன்) ஆண்டு எபிட்டாவைப்போல எத்தனை மடங்கு என்றும் வகுத்துப் பாருங்கள். அந்த மடங்கு ஆண்டுக்காண்டு குறைந்துவந்தால் நல்ல சகுனம். ஏர்டெல் மொத்தக் கணக்கில் ஆப்பிரிக்கத் தொழிலும் சேர்ந்திருக்கும். இந்தியக் கணக்கு தனிப் பத்தியில் இருக்கும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: தோட்டத்தில் டவர் நிற்கிறது, வாடகை வருகிறது. டவர் கம்பெனிப் பங்கு பாதுகாப்பானதா?

டவர் கம்பெனிக்கும் உங்களைப்போல வாடகைதான் வருமானம். ஒரே டவரில் இரண்டாவது கம்பெனி ஆன்டெனா மாட்டினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான், வரவோ ஏறக்குறைய லாபம். குடியிருப்பவர் வாடகை தராவிட்டால்தான் சிக்கல். இண்டஸ் டவர்ஸ் 2022 டிசம்பர் காலாண்டில் வராக்கடன் ஒதுக்கீட்டால் 708 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. டவர் அப்படியே நின்றது. வாடிக்கையாளரான வோடபோன் ஐடியாவின் கையில்தான் பணமில்லை. ஆகவே இந்தப் பங்கை வாங்குமுன் அந்தக் கம்பெனியின் நிலையையும் படியுங்கள்.

இன்னொன்று: 'உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் அது மோசடி. இடத்துக்காரருக்குத்தான் கம்பெனி பணம் தரும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் சொல்லிவையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கல்லூரி மாணவர்: பி.எஸ்.என்.எல்., ஜியோ பங்கு கிடைக்குமா? வாட்ஸ்அப் குழுவில் ஜியோ பங்கு முன்கூட்டியே தருவதாகச் சொல்கிறார்கள்.

பி.எஸ்.என்.எல். பங்குச் சந்தையில் இல்லை. எம்.டி.என்.எல். இருக்கிறது, அது டெல்லி, மும்பைக்கான வேறு கம்பெனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள் உண்டு. சந்தையில் இருக்கும் பாரதி ஹெக்சாகாம் ஏர்டெல்லின் துணைக் கம்பெனி, ராஜஸ்தானுக்கும் வடகிழக்குக்கும் மட்டும். ஜியோவை 2026 முதல் பாதியில் பட்டியலிடத் திட்டம் என்று 2025 ஆகஸ்டில் ரிலையன்ஸ் அறிவித்தது. புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் பங்கு ஒதுக்கும்வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடங்கி நிற்கும். யாருடைய கூகுள் பே எண்ணுக்கும் அனுப்பவேண்டியதில்லை. அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், தம்பி.

பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்குக்கு பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். நாமினி பெயரை அன்றே சேர்த்துவிடுங்கள். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி. ஓராண்டு தாண்டினால், எல்லாப் பங்கும் சேர்த்து ஆண்டுக்கு 1.25 லட்சம்வரை லாபத்துக்கு வரி இல்லை, மேலே போனால் 12.5 சதவீதம். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி தனி. விற்கும் நாளில் டிமேட் கட்டணமும் பிடிப்பார்கள். ஒரே ஒரு பங்கை 300 ரூபாய்க்கு வாங்கி 310-க்கு விற்றால் அந்தப் பத்து ரூபாய் இதற்கே போய்விடும்.