கிணற்றை இறைப்பித்தது யார், தம்பி?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 43, கணினி வேலை, இனி வீட்டிலிருந்தே செய்யலாமாம். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் அப்பாவின் வளவுக்கே போய்விட யோசனை. 3 ஏக்கர் வயலும் இருக்கிறது, அம்மாவும் அங்கேதான். "நெட் கிடைக்குமா, ஓஎல் சோதனை எடுக்கப்போகும் மகளை எங்கே சேர்ப்பது, யானைத் தொல்லை உண்மையா? தண்ணீருக்குப் பயமில்லை, போன ஆவணியில்தான் தங்கச்சி கிணறு இறைப்பித்தவ" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் நீண்ட கடிதத்தில் தங்கச்சி தலைகாட்டுகிற ஒரே இடம் அந்தக் கிணறுதான். ஆவணியில் கச்சான் காற்று அடித்து வளவே காய்ந்து, தண்ணீர் அடியில் கிடக்கிற நேரம் பார்த்து ஆள் பிடித்து, சேறு அள்ளுவித்து, பாசி சுரண்டுவித்து, வேலைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் கூலியும் கொடுத்தது அவ. அந்தக் கூலியில் உங்கள் பங்கு எவ்வளவு? அம்மா அங்கே இருக்கிறா என்று ஒரு வரி எழுதினீர்கள், சரி, அவவை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறது யார் என்று எழுதவில்லையே. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தி விவசாயிகளின் வயிற்றில் அடித்ததே, அந்தப் போகம் உங்கள் 3 ஏக்கரில் நின்று கையைப் பிசைந்தது யார்? வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள்.

கோபிக்காதீர்கள். இப்படிக் கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது, எழுதுகிறவர் அநேகமாக மூத்த ஆண்பிள்ளை. ஊர் என்றால் இவர்களுக்கு மாமரமும் கிணறும் அம்மாவின் குழம்பும்தான், அதெல்லாம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பு. எங்கள் கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது பழைய வழக்கம், உறுதியில் யார் பெயர் இருந்தாலும். நான் அதில் பழைய ஆள்தான், மறைக்கவில்லை. தாயைப் பார்த்த பிள்ளையிடம் கேட்காமல் அந்தப் படலையைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கேட்டதற்கும் சொல்கிறேன். நெட், நீங்கள் இருக்கப்போகிற அறைக்குள் போய் நின்று பார்த்தால்தான் தெரியும், மாரியில் கரண்ட் போனால் அதுவும் போகும். யானை உண்மை, விளைந்த வயலுக்கு இரவில் காவல் வேண்டும், பகலெல்லாம் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டு அதை யார் செய்வது? மாரியில் செய்கிற பெரும்போகம் மழையோடு ஓடிவிடும். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எவ்வளவு விதைக்கலாம் என்று விவசாயிகள் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள், மூன்று ஏக்கரும் உங்கள் இஷ்டத்துக்கு விளையாது. ஓஎல் பிள்ளையை இந்த வருடம் அசைக்கவே வேண்டாம், சோதனை முடியட்டும். மனைவி என்ன சொல்கிறா என்றும் எழுதவில்லை. அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கிழமை தனியாக இரவு பஸ் ஏறுங்கள், பிள்ளைகள் வேண்டாம், சாமான் வேண்டாம். போனதும் வளவை அளக்கவோ படம் எடுக்கவோ போகாமல், கிணற்றடியில் குளித்துவிட்டுக் குசினிக்குள் போய் இருங்கள். "நாங்கள் இங்கே வந்து இருந்தால் உனக்கு இடைஞ்சலா?" என்று தங்கச்சியிடம் கேளுங்கள், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து. அவ உடனே "அதுக்கென்ன அண்ணா, வாங்கோ" என்பா. அதை நம்பிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பி லொறி பிடிக்காதீர்கள். இரண்டு நாள் இருந்து மச்சானிடமும் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், கிணற்றுக் கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்து.