புல் வளர்க்க ஒரு பட்டமா? போச்சம்பள்ளித் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் உங்கள் மகளுடன் கிருஷ்ணகிரிக்கு வந்து, அவளுடைய மேற்படிப்பைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டுப் பேசிவிட்டுக் கிளம்பும்போது, படியில் இறங்கிக்கொண்டே நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. "நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் களையென்று பிடுங்கிப் போட்ட புல்லை வளர்க்கவா இவள் நான்கு வருடம் படிக்க வேண்டும்?" என்றீர்கள். அது கேலியன்று, அச்சம் என்பது எனக்குப் புரிந்தது. ஆகவேதான் நிதானமாக எழுதுகிறேன்.

நீங்கள் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் விளையாட்டுத் திடலை நானும் உங்கள் மகளும் ஒரு சுற்று நடந்தோம். ஓரிடத்தில் அவள் உட்கார்ந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி, வேரை என் உள்ளங்கையில் வைத்தாள். அரை அங்குலம்கூட இல்லை. "தினமும் மேலாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள், அடியில் மண் மிதிபட்டு இறுகிக் கிடக்கிறது, பிறகு வேர் எதற்காகக் கீழே போகும்?" என்று கேட்டாள். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் ஆயிரம் பேரை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கும் பிள்ளை அரிது. இந்த ஆர்வம் தொலைக்காட்சியில் ஒட்டிக்கொண்ட மோகம் அன்று என்ற முடிவுக்கு அப்போதே வந்துவிட்டேன்.

ஆனாலும், விளையாட்டுப் புல்தரை மேலாண்மையையே, அதாவது மைதானத்துப் புல்லை வளர்த்துப் பராமரிக்கும் படிப்பையே, முதல் பட்டமாக எடுக்க வேண்டும் என்ற அவளுடைய விருப்பத்தை நான் ஆதரிக்கவில்லை. என் பரிந்துரை, முதலில் நான்காண்டு இளமறிவியல் தோட்டக்கலை, அதன் மேல் புல்தரை என்பதே. அடித்தளம் அகலமாக இருந்தால், புல்தரையில் வாய்ப்பு அமையாத காலத்திலும் பழம், காய்கறி, மலர், நாற்றங்கால், அறுவடைக்குப் பின்சார் நுட்பம் என்று ஐந்தாறு வாசல்கள் அவளுக்குத் திறந்திருக்கும். குறுகிய பட்டத்துக்கு ஒரே வாசல்தான்.

வெளிநாட்டில் இதற்கெனவே பட்டங்கள் இருப்பது உண்மை. இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள மயர்ஸ்காஃப் கல்லூரியும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஆனால் அவை பெரும்பாலும் குளிர்நாட்டுப் புல்லைச் சுற்றியே பாடம் நடத்துகின்றன. விம்பிள்டன் டென்னிஸ் ஆடுகளங்களில் 2001 முதல் முழுக்க முழுக்க ரை என்னும் குளிர்நாட்டுப் புல்தான். அதை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் புல் நம் சித்திரை வெயிலைத் தாங்காது. பதினெட்டு வயதில் பெருங்கடன் வாங்கிக்கொண்டு போய், இன்னொரு நாட்டின் தட்பவெப்பத்துக்கு உரிய பாடத்தை முதலில் படித்துத் திரும்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே பட்டம் முடித்து, நம் மண்ணில் இரண்டாண்டு வேலை பார்த்த பிறகு, உதவித்தொகையுடன் மேற்படிப்புக்குப் போவதாக இருந்தால் அது வேறு விஷயம். அப்போது நானே விண்ணப்பம் எழுத உதவுவேன்.

இனி நீங்கள் களையென்று சொன்ன புல்லுக்கு வருகிறேன். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அறுகம்புல்தான் உலகெங்கும் பெர்முடா என்ற பெயரில் கிரிக்கெட் திடல்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் விரிந்து கிடக்கிறது. அதை ஓர் ஆப்பிரிக்க அறுகினத்துடன் கலப்பு செய்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய டிஃப்வே 419 என்ற இரகம் 1960இல் வெளியாயிற்று. இன்றும் அதற்கு நல்ல மதிப்பு. அது மலட்டுக் கலப்பினம், முளைக்கும் விதை கொடுக்காது. தண்டுத் துண்டுகளை நட்டோ, பத்தைகளாகப் பெயர்த்துப் பதித்தோதான் பரப்ப வேண்டும். பெங்களூரா மாங்கொட்டையைப் போட்டால் தாயைப் போன்ற மரம் வராது என்பதால்தானே நீங்கள் மென்தண்டு ஒட்டுக் கட்டுகிறீர்கள்? இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: இரகம் மாறாத தாய்ச்செடி, நோயில்லாத நாற்றங்கால், நம்பி வாங்கும் வாடிக்கையாளர். சந்தூர்ப் பக்கத்து மாங்கன்றுக்கு வெளிமாநிலத்திலிருந்து லாரி வருவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, புல் நாற்றங்கால் புரியாத தொழிலாக இருக்காது.

தரைக்கு அடியில் இருக்கும் வேலை இதைவிடப் பெரியது. பெங்களூரு சின்னசாமி அரங்கத்தில் 2017இல் மண்ணுக்கடியில் குழாய்களைப் பதித்து, மழைநீரை உறிஞ்சி எடுக்கவும் வேருக்குக் காற்று செலுத்தவும் சப்ஏர் என்ற அமைப்பை நிறுவினார்கள். மணல் அளவு, வடிகால் சரிவு, உப்புத்தன்மை, பூஞ்சாணம், புழு என்று ஒவ்வொன்றும் மண்ணியலிலோ பயிர் நோயியலிலோ பூச்சியியலிலோதான் போய் முடிகிறது. அந்தப் பாடங்கள் அனைத்தும் தோட்டக்கலைப் பட்டத்துக்குள் இருக்கின்றன. எழிலூட்டும் தோட்டமும் புல்வெளியும் அதிலேயே அடங்கும். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி உழவர்களுடன் வேலை பார்க்கும் பயிற்சியும் உண்டு. முதுநிலையில் மலரியல், நிலஎழிலூட்டும் துறையை எடுத்தால் புல்தரை மேலாண்மை தனிப்பாடமாகவே வரும்.

சேர்க்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டத்துக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் தரவரிசையும் கலந்தாய்வும் நடக்கும். கோயம்புத்தூர், பெரியகுளம், பெண்களுக்கென்றே திருச்சி, இவற்றோடு நம் மாவட்டத்திலேயே ஜீனூரிலும் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படிப்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அவளுக்குத் தகுதி உண்டு. இரண்டுக்கும் வேண்டிய பள்ளிச் சான்றுகளை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் தலைமையாசிரியரைத் தேடி அலைவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஜீனூர் கிடைத்தால் விடுதிச் செலவு மிச்சம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நானோ, கோயம்புத்தூர் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள் என்பேன். அங்குள்ள பழமையான நூலகத்துக்கும் மூத்த மாணவர்களின் பழக்கத்துக்கும் ஒரு தனி மதிப்பு இருக்கிறது.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும், அது என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன், அழகான வளாகத்தையும் வண்ணக் கையேட்டையும் நம்பி ஒரு மாணவனைத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினேன். அந்தப் பட்டத்துக்கு உரிய இணைப்பு இல்லை என்பது இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. அந்தப் பையனின் ஓராண்டு வீணாயிற்று. அதிலிருந்து, பல்கலைக்கழக இணைப்பு ஆணையைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்தக் கல்லூரியின் பெயரையும் சொல்வதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. தோட்டக்கலை படித்தவர் பூங்கா வடிவமைக்கலாம். ஆனால் 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பெயர்தான் வேண்டும் என்றால் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். வழியே போக வேண்டும். உங்கள் மகளுக்குக் கட்டடம் வேண்டாம், மண்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

வேலைக்கு வருவோம். டி.என்.பி.எஸ்.சி. வழியே தோட்டக்கலை அலுவலர் பணிக்கு இந்தப் பட்டம் தகுதி. ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வையும் எழுதலாம். ஓசூர்த் தொழிற்சாலை வளாகங்கள், பெங்களூரு அடுக்ககங்கள், கோல்ஃப் மைதானங்கள், தளி வட்டாரத்துப் பசுமைக்குடில் ரோஜாப் பண்ணைகள் ஆகியவை தனியார் பக்கம். அங்கே முதல் சம்பளம் உங்களுக்குத் திருப்தி தராது, இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு திடலின் முழுப் பொறுப்பைக் கையில் எடுக்கும் வரை மூன்று நான்கு ஆண்டுகள் வெயிலில்தான் நிற்க வேண்டும். பெண்பிள்ளை ஆயிற்றே என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததும் எனக்குக் கேட்டது. விளையாட்டுத் திடல் பராமரிப்பில் இன்றும் ஆண்களே அதிகம். அவளுக்கு முதல் எதிர்ப்பு அங்கேதான் வரும். நாற்றங்காலிலும் மலர்ப் பண்ணையிலும் அந்த நெருக்கடி குறைவு. எதை ஏற்பது என்பதை அவள் இருபத்திரண்டு வயதில் முடிவு செய்துகொள்ளட்டும். இப்போது நாம் முடிவு செய்ய வேண்டாம்.

விண்ணப்பம் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. உங்கள் கன்றுக் கொட்டகைக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் ஒதுக்கிக் கொடுங்கள். ஒரு பாதியில் நிலத்து மண்ணிலேயே, மறுபாதியில் மணல் கலந்து, அவளே அறுகு நடட்டும். வெட்டும்போது ஒரே முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள். காரணத்தை அவளே கண்டுபிடிப்பாள். தண்ணீர் விட்ட நாள், வெட்டிய நாள், பிடுங்கிப் பார்த்த வேரின் நீளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மாங்காய் சீசன் வேலையிலும் அந்த நோட்டு விடுபடாமல் இருந்தால், அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலுடன் அதையும் கொண்டு வாருங்கள்.